அக்கா, தங்கச்சி, கைவேலை: பழங்கதையைத் திருப்பி எழுதுவோருக்கான கேள்வி பதில்

பழைய ராசா ராணிக் கதையொன்றை எடுத்து, அதன் நடுவில் சகோதரிகளையும் ஒரு கலையையும் வைத்து, இன்றைய யாழ்ப்பாணத்து வாசகருக்கு எழுத முயல்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள் இவை.

பெயரையும் ஊரையும் மாற்றினால் அது மறுகூறல் ஆகாதா?

ஆகாது. சிண்டரெல்லாவுக்குச் செல்வி என்று பெயர் வைத்து மாளிகையை நல்லூருக்குக் கொண்டுவந்தால், சேலை கட்டிய சிண்டரெல்லாதான் கிடைப்பாள். பழைய கதை ஒன்றும் சொல்லாமல் கடந்துபோன ஓர் இடம் இருக்கும். அங்கே நின்று எழுதவேண்டும்.

ஜெர்மனியின் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களின் தொகுப்பில் ஆறு அன்னங்களின் கதை உண்டு. ஆறு அண்ணன்மார் அன்னங்களாகிவிடுகிறார்கள். அவர்களை மீட்க, தங்கை ஆறு வருடம் பேசாமலும் சிரிக்காமலும் இருந்து நட்சத்திரப் பூக்களால் ஆறு சட்டை தைக்கவேண்டும். கடைசி நாளில் ஆறாவது சட்டையின் இடது கை மட்டும் முடியவில்லை. இளையவனுக்குக் கைக்குப் பதிலாகச் சிறகு நின்றுவிடுகிறது. கதை அதைச் சொல்லிவிட்டுப் போய்விடும். அந்தச் சிறகைத் தினமும் பார்க்கிற தங்கைக்கு என்ன தோன்றும்? சாப்பாட்டு மேசையில் அவன் எப்படிச் சாப்பிடுவான்? அண்ணன்மாருக்குப் பதில் அக்காமாராக இருந்திருந்தால், சிறகு மிஞ்சியவள் மற்றவர்களுக்கு முன் கலியாணம் கட்டியிருப்பாளா? ஒரு சட்டைக் கைக்குள் இவ்வளவு இருக்கிறது.

பழைய கதையை மாற்ற எமக்கு உரிமை உண்டா?

பழைய கதைக்காரர்களே மாற்றியிருக்கிறார்கள். கிரிம் சகோதரர்களின் முதற்பதிப்பு 1812இல் வந்தது. அதில் ஸ்னோவைட்டைக் கொல்லச் சொல்பவள் அவளைப் பெற்ற தாய். 1819 பதிப்பில்தான் அவள் மாற்றாந்தாய் ஆனாள். சிண்டரெல்லாவின் சகோதரிகளுடைய கண்ணைப் புறா கொத்துவதும் 1812இல் இல்லை, 1819இல் சேர்ந்தது. அதற்கு முன், 1697இல், பிரான்சின் பெரோ எழுதிய வடிவில் சிண்டரெல்லா இரு சகோதரிகளையும் மன்னித்து, மாளிகைக்கு அழைத்து, பிரபுக்களுக்குக் கட்டிக்கொடுக்கிறாள். எது "உண்மையான" கதை என்று தேடி நாளைக் கழிக்கவேண்டாம். இரண்டு மூன்று வடிவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எங்கே வேறுபடுகின்றன என்று கொப்பியில் குறியுங்கள். வேறுபடும் இடம்தான் உங்களுக்குரிய வாசல்.

சகோதரிகளும் கலையும் ஒன்றாக வருகிற கதைகள் எவை?

முதலில் பிலோமேலா என்ற தங்கையின் கதை. ரோமக் கவிஞர் ஓவிட் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதியது. அக்காவின் கணவன் தங்கையைக் கெடுத்து, அவள் வெளியே சொல்லாதபடி நாக்கை அறுத்து, காட்டுக்குள் அடைத்துவைக்கிறான். அவள் தறியில் வெள்ளை நூலோடு ஊதா நூலைக் கோத்து நடந்ததை நெய்து, துணியை அக்காவுக்கு அனுப்புகிறாள். அக்கா துணியை விரித்து வாசிக்கிறாள். கலை என்றால் என்ன, சகோதரி என்றால் யார் என்ற இரண்டு கேள்விகளுக்கும் அந்த ஒரு காட்சி பதில் சொல்கிறது: ஒருத்தி நெய்தது, மற்றவளால் மட்டும் வாசிக்கக்கூடியது. கதையின் பிற்பகுதி மிகக் கொடூரம், பிள்ளைகளுக்கு ஆகாது.

அடுத்தது கிரிம் தொகுப்பின் 46ஆவது கதை. பிச்சைக்காரன் வேடத்தில் வரும் மந்திரவாதி மூன்று சகோதரிகளை ஒவ்வொருவராகத் தூக்கிப்போகிறான். மூத்த இருவரும் திறக்கக்கூடாத அறையைத் திறந்து வெட்டுண்டு போகிறார்கள். மூன்றாமவள் அவர்களின் உறுப்புகளைப் பொருத்தி வைத்து உயிர் வரச்செய்கிறாள், கூடைக்குள் ஒளித்து மேலே பொன் பரப்பி, அந்த மந்திரவாதியின் முதுகிலேயே வீட்டுக்கு அனுப்புகிறாள். பிறகு ஒரு மண்டையோட்டுக்குப் பூவும் நகையும் சூட்டி மணப்பெண்போல் சன்னலில் வைக்கிறாள், தன் உடலில் தேன் பூசி இறகுகளில் புரண்டு, யாரும் அறியாத பறவையாக நடந்துபோய்விடுகிறாள். சிற்பமும் வேடமும் அவளைக் காப்பாற்றுகின்றன. எம் கருத்தில் இந்த விடயத்துக்கு இதைவிடப் பொருத்தமான கதை கிரிம் தொகுப்பில் இல்லை. கூடைக்குப் பதில் பனையோலைக் கடகம் வைத்தாலே கதை இந்த ஊரில் மூச்சுவிடத் தொடங்கும்.

தமிழில்? புறநானூற்றின் 112ஆவது பாட்டை எடுங்கள். பாரியின் மகள்மார் பாடியது, ஐந்தே அடி. போன மாத நிலவில் தகப்பனும் இருந்தார், மலையும் இருந்தது. இந்த மாத நிலவில் இரண்டும் இல்லை. பாடுவது ஒருத்தி அல்ல, "யாம்" என்று சேர்ந்து பாடுகிறார்கள். இரண்டு பேர் சேர்ந்து எப்படி ஒரு பாட்டைக் கட்டினார்கள், எந்த அடி யாருடையது என்பதே ஒரு கதை.

மூதேவியும் சீதேவியும் அக்கா தங்கச்சிகள் என்பது எல்லாருக்கும் தெரியும். மூத்தவளின் பெயர் இன்று வசைச்சொல்லாகிவிட்டது. பொறாமை கொண்டவனிடமிருந்து திருமகள் விலகி, தன் தவ்வையை (அக்காவை) காட்டிவிடுவாள் என்கிறது 167ஆவது குறள். தங்கச்சி விட்டுப்போகும் வீடுகளுக்கெல்லாம் அனுப்பப்படுகிற அக்காவின் பக்கத்திலிருந்து அதை எழுதிப்பாருங்கள்.

யாழ்ப்பாண வைபவமாலை என்ற பழைய வரலாற்று நூலில் வரும் மாருதப்புரவீகவல்லி, குதிரைமுகத்தோடு வந்து கீரிமலையில் நீராடி முகம் மாறிய சோழ இளவரசி. முகம் மாறியபின் அவளைப் பழைய முகத்தோடு வரைந்து வைத்திருக்கும் ஒரு தங்கச்சியை நீங்கள் சேர்க்கலாம். வைபவமாலையில் அப்படியொருத்தி இல்லை. கோயில் ஐதீகம் என்பதால் நீராடலையும் தலத்தையும் மரியாதையோடு கையாளுங்கள்.

எந்தக் கலையை எடுப்பது? ஓவியம்தான் வேண்டுமா?

உங்கள் கைக்குத் தெரிந்ததை எடுங்கள். எண்ணெய் வண்ண ஓவியம் பற்றி வாசித்து எழுதுவதைவிட, அம்மம்மா பனையோலைப் பெட்டி இழைத்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தது பெரிய மூலதனம். கைவேலை தெரியாதென்றால் தெரிந்தவரோடு இரண்டு பின்னேரம் இருங்கள். அவர் எப்படிச் செய்கிறார் என்பதோடு, எங்கே நிறுத்தி அவிழ்க்கிறார் என்பதையும் பாருங்கள். பிழைதான் கதைக்கு உதவும்.

பனையோலையைப் பாருங்கள். குருத்தோலையை வெயிலில் காயவிட்டு, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலமாக வார்ந்துகொள்ளவேண்டும். வார்ந்தது ஒன்று அகலம், ஒன்று ஒடுக்கம் என்றால் பெட்டியின் மூலை முறுகும். இழைக்கும்போது ஓலை காய்ந்திருந்தால் மடிப்பில் வெடிக்கும், அதனால் தண்ணீர் தெளிப்பார்கள். அதிகம் நனைந்துவிட்டால் இழைக்கும்போது இறுக்கமாகத்தான் தெரியும், காய்ந்தபின் ஓலை சுருங்கி இடையில் நீக்கல் விழும். இந்தக் கடைசிப் பிழை பிந்தித்தான் வெளிவரும். இழைத்தவள் கலியாணமாகிப் போனபிறகு, தங்கச்சி அந்தப் பெட்டியில் மா அள்ளும்போது நீக்கலால் சிந்துகிறது என்று வையுங்கள். அக்கா அன்று ஏன் ஓலையை அவ்வளவு நனைத்தாள், அழுதுகொண்டா இழைத்தாள் என்று வாசகரே கேட்பார். நீங்கள் எழுதவேண்டியதில்லை.

அன்னங்கள் கதையின் இன்னொரு வடிவில், 1838இல் டென்மார்க்கின் அன்டர்சன் எழுதியதில், தங்கை வெறுங்கையால் காஞ்சோண்டி போன்ற சுணைச்செடியைப் பறித்து நூலாக்குவாள். இங்கே அதற்கு ஈடாகப் பனைமட்டையின் கருக்கு இருக்கிறது, அரம்போலக் கையை அறுக்கும். மட்டையடியில் தும்பும் இருக்கிறது. காயமும் நூலும் ஒரே மரத்தில்.

கலை வெறும் அலங்காரமாக நிற்கிறது என்கிறார்கள். எப்படிச் சரிசெய்வது?

கதையிலிருந்து கைவேலையை வெட்டி எடுத்துவிட்டு வாசியுங்கள். கதை அப்படியே நின்றால் அது அலங்காரம். சகோதரிகளுக்கிடையில் நடப்பது அந்தக் கைவேலையின் விதியாலேயே நடக்கவேண்டும்.

கோலத்தை வைத்துக் காட்டுகிறோம். கம்பிக் கோலத்தில், அதாவது புள்ளிகளைச் சுற்றிக் கோடு (கம்பி) இழுக்கும் கோலத்தில், மிக எளிய வகையொன்று: புள்ளிகளைச் சதுரமாக வைத்து, கம்பியைச் சாய்வாக ஓடவிட்டு, அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவிலெல்லாம் குறுக்கே வெட்டி, வெளி ஓரத்தில் மட்டும் திருப்புவது. நாலு வரிசை, வரிசைக்கு நாலு புள்ளி வைத்தால் நாலு தனித்தனிக் கம்பிகள் வரும். ஒன்றின் மேல் ஒன்று வெட்டிப்போகும், ஆனால் ஒன்றோடொன்று சேராது. ஒரு வரிசையைக் குறைத்து மூன்று வரிசை, வரிசைக்கு நாலு புள்ளி என்று வைத்தால் ஒரே கம்பி எல்லாப் புள்ளியையும் சுற்றித் தொடங்கிய இடத்துக்கு வரும். இரண்டு எண்ணையும் மீதியின்றி வகுக்கும் மிகப்பெரிய எண் எதுவோ, அத்தனை கம்பி. நாலுக்கும் நாலுக்கும் நாலு, மூன்றுக்கும் நாலுக்கும் ஒன்று. கதைக்குள் வைக்குமுன் பென்சிலால் போட்டுப் பாருங்கள்.

இனி நாலு சகோதரிகளை நினையுங்கள். பொங்கலுக்கு முற்றத்தில் நாலுக்கு நாலு புள்ளி வைத்து, ஆளுக்கொரு கம்பி இழுத்து, தன் கம்பியைத் தானே முடித்துவிட்டு எழும்புகிறார்கள். ஒருத்தி இல்லாமல் போன வருடம் அவளுடைய வரிசையை விட்டுவிட்டுப் புள்ளி வைக்கிறார்கள். முதலில் தொடங்கியவளின் கம்பி முடியவே மாட்டேன் என்கிறது, ஒருத்தியின் கையிலிருந்து அடுத்தவளின் கைக்குப் போகவேண்டியிருக்கிறது. கை மாறுகிற இடத்தில் மாக்கோடு தடிக்கும், விரல் ஈரமாக இருந்தால் மா கட்டிபடும். போனவள் திரும்பிவந்து பார்த்தால் எந்த இடத்தில் யார் வாங்கினார்கள் என்று அவளால் சொல்லமுடியும். இந்தக் கதையில் கோலத்தை எடுத்துவிட்டால் ஒன்றும் மிஞ்சாது. அப்படித்தான் இருக்கவேண்டும்.

மாற்றாந்தாய், மாற்றாந்தாயின் பிள்ளைகள் என்று எழுதினால் ஒட்டவில்லையே?

ஒட்டாது, எங்கள் உறவுமுறை வேறு. அம்மாவின் அக்கா பெரியம்மா, தங்கச்சி சின்னம்மா. அவர்களின் பிள்ளைகள் எமக்கு அக்கா, தங்கச்சி, அண்ணா, தம்பிதான், கூப்பிட வேறு சொல்லே கிடையாது. தாய் இறந்தபின் தாயின் தங்கச்சியையே தகப்பனுக்குக் கட்டிவைத்த குடும்பங்களும் உண்டு. அப்படியொரு வீட்டில் சிண்டரெல்லாவை வையுங்கள். கொடுமை செய்பவள் நேற்றுவரை மடியில் வைத்துச் சோறூட்டிய சின்னம்மா. அவளும் தன் அக்காவை இழந்தவள். கதையில் இரண்டு தலைமுறைச் சகோதரிகள் வந்துவிட்டார்கள், நீங்கள் ஒரு பாத்திரத்தையும் புதிதாகச் சேர்க்கவில்லை. மச்சாளைத் தங்கச்சி என்று எழுதிவிடாதீர்கள், இங்கே வாசிப்பவர் அந்த இடத்திலேயே கொப்பியை மூடிவிடுவார்.

சகோதரிகள் எதற்காகப் பிணங்கவேண்டும்? அழகுக்கும் இளவரசனுக்கும் சண்டை பிடிப்பது சலித்துப்போயிற்று.

காணிக்கும் வீட்டுக்கும் பிணங்கட்டும். ஒல்லாந்தர் 1707இல் எழுத்தாக்கிய யாழ்ப்பாணத்து வழக்குச் சட்டமான தேசவழமை, தாயின் சீதனம் மகள்மாருக்கு இறங்குவதைச் சொல்கிறது. சீதனம் வாங்கிப்போன மகளுக்குப் பெற்றாரின் மீதிச் சொத்தில் பங்கில்லை என்பதும் அந்தத் தொகுப்பில் உண்டு. எந்த மகளுக்கு வீடு, எவளுக்குத் தோட்டக்காணி, கிணற்றுப் பங்கு யாருக்கு என்பவை எந்தக் கண்ணாடிச் செருப்பையும்விடக் கூர்மையானவை. மூத்தவள் இருக்க இளையவளுக்குப் பேசிவருவது இன்னொன்று. கைத்திறனும் பிணக்குத்தான்: ஒருத்தி பாயை நன்றாக இழைப்பாள், மற்றவள் அதை நன்றாக விற்பாள், பெயர் யாருக்கு? மூன்றையும் ஒரே கதையில் போடாதீர்கள், ஒன்று போதும்.

உரையாடலை யாழ்ப்பாணப் பேச்சில் எழுதுவதா, எழுத்துத் தமிழிலா?

கதை சொல்வது எழுத்துத் தமிழ், பேசுவது ஊர்ப்பேச்சு. இந்தப் பிரிப்பு பெரும்பாலும் சரிவரும். அரைகுறையாகக் கலந்தால் குழப்பம். பேச்சில் "நாம" போடவேண்டாம், இங்கே அது அரிது, "நாங்கள்" தான்.

எங்களிடம் "நீ", "நீர்", "நீங்கள்" என்று மூன்று படி இருக்கிறது. சகோதரிகள் கதைக்கு இது பெரிய செல்வம். ஒரு வீட்டில் தங்கச்சி அக்காவை "நீங்கள்" என்பாள், வயது கிட்டக்கிட்ட என்றால் "நீ" என்பாள். தொடக்கத்தில் எதை வைத்தீர்களோ அதையே பிடித்துவந்து, பிணக்கு முற்றும் இடத்தில் மட்டும் மாற்றுங்கள்.

"அக்கா, நீ இழைச்ச பெட்டி கோணிப்போச்சு."
"நீர் இழைச்சுப் பாரும்."

கோபம் என்ற சொல்லே வரவில்லை, இருந்தும் கேட்கிறது.

கதையைச் சொல்லும் குரலிலும் இதைச் செய்யலாம். சகோதரிகள் எல்லாரும் சேர்ந்து "நாங்கள்" என்று சொல்லிவரும் கதை, ஒருத்தி பிரிந்த பந்தியில் "நான்" என்று மாறட்டும். மாறும் இடத்தை விளக்காதீர்கள்.

மாயம் எவ்வளவு சேர்க்கலாம்?

ஒன்று. அதற்கு ஒரு விதியும் ஒரு விலையும் இருக்கவேண்டும், இரண்டும் கதையின் முதல் மூன்றிலொரு பங்குக்குள் வந்துவிடவேண்டும். கடைசியில் புதிதாக ஒரு தேவதை வந்து காப்பாற்றினால் அதுவரை கைவேலை செய்தவளின் உழைப்பு வீண்.

எங்கிருந்து தொடங்குவது? எவ்வளவு நீளம், எவ்வளவு நாள்?

பழைய கதையைப் புத்தகத்தைப் பார்க்காமல் ஏழு வசனத்தில் எழுதுங்கள். மறந்துபோனதை விட்டுவிடுங்கள், அது உங்களுக்குத் தேவைப்படாத பகுதி. ஏழில் எதை எடுத்தால் கதை அடையாளம் தெரியாமல் போகுமோ, அப்படி மூன்றைக் கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். அவற்றை மாற்றவேண்டாம். மீதி நாலில் ஒன்றைத் தலைகீழாக்குங்கள். பிறகு கைவேலையின் படிகளை ஒரு தனித்தாளில் வரிசையாக எழுதி, ஒவ்வொரு படியிலும் என்ன பிழைக்கும் என்று பக்கத்தில் குறியுங்கள். அந்தப் பிழைகளில் ஒன்றுதான் உங்கள் கதையின் திருப்பம். அதைக் கண்டுபிடிக்குமுன் முதல் வசனத்தை எழுதத் தொடங்கவேண்டாம்.

முதல் முயற்சிக்கு 1500 தொடக்கம் 2000 சொற்கள் அளவு. அதற்குள் இரண்டு சகோதரிகள், ஒரு கைவேலை, ஒரு வீடு கொள்ளும். மூன்றாவது சகோதரியைச் சேர்த்தால் அவளுக்கு ஒரு வேலை கொடுக்கவேண்டும், கொடுக்கமுடியாவிட்டால் எடுத்துவிடுங்கள். பின்னேரம் ஒரு மணித்தியாலம் ஒதுக்கினால் இரண்டு கிழமையில் முதற்பிரதி வந்துவிடும். ஒரு கிழமை பூட்டி வைத்துவிட்டுப் பிறகு எடுங்கள்.

போர், இடப்பெயர்வு பற்றி எழுதாமல் இருக்கமுடியுமா?

எழுதலாம், எழுதாமலும் விடலாம். எழுதுவதென்றால் பழங்கதையின் மொழியில் எழுதுங்கள். "1995 ஒக்ரோபர் இடப்பெயர்வின்போது" என்று திகதி போட்டால் கதை அந்தப் பந்தியில் செய்தியாகிவிடும். ஊர் முழுவதும் ஒரே இரவில் ஒரே பாலத்தால் போகச்சொல்லப்பட்டது என்றால் இங்குள்ளவருக்குப் புரியும், அறியாதவருக்கும் அது கதையாக நிற்கும். எதைத் தூக்கிப்போனார்கள் என்பதில் நில்லுங்கள்: அக்கா தையல் மெசினின் தலையைக் கழற்றி எடுத்தாள், தங்கச்சி நூல்கட்டைகளை எடுத்தாள், மெசினின் கால் வீட்டிலேயே நின்றது. வாசகர்களில் பலர் அந்த இரவை உண்மையாகவே நடந்தவர்கள். அவர்களை அழவைப்பதற்கென்று ஒரு வசனமும் எழுதவேண்டாம்.

ஒரு சகோதரி ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருந்தால்?

மிகப் பொருத்தம். அன்னமாகிப் பறந்தவள் யார் என்று தேடவேண்டியதில்லை. ஆனால் வெளிநாட்டில் இருப்பவளைப் பணம் அனுப்புபவளாக மட்டும் காட்டுவது மிக எளிதாக விழும் பிழை. அவள் கையிலும் ஒரு வேலையைக் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அக்கா பெட்டியின் மூலை திருப்புவதைக் காட்ட, இவள் அங்கே பரிசுப்பொதி கட்டும் நாடாவால் இழைக்கிறாள் என்று வைக்கலாம். நாடா வழுக்கும், ஓலைபோல மடிப்பைப் பிடித்துக்கொள்ளாது. அதனால் என்ன நடக்கும் என்பது உங்கள் கதை.

வீட்டுப் பெரியவர்களிடம் கதை கேட்டுப் பதிவுசெய்வது எப்படி?

பதிவுசெய்யலாமா என்று முதலில் கேளுங்கள், பெயர் போடலாமா என்று தனியாகக் கேளுங்கள். முதல்முறை குறுக்கே பேசாமல் முழுதாகக் கேளுங்கள். இன்னொரு நாள் அதே கதையை மீண்டும் கேட்டு, பொருட்களைப் பற்றி மட்டும் விசாரியுங்கள்: என்ன பெட்டி, எவ்வளவு பெரிது, யார் இழைத்தது. "இந்தக் கதையின் கருத்து என்ன?" என்று கேட்டால் அவர்கள் புத்திமதி சொல்லத் தொடங்கிவிடுவார்கள், கதை நின்றுவிடும். கைக்கு வேலை இருக்கும்போது, கீரை ஆயும்போதோ ஓலை வாரும்போதோ கேட்டால் கதை தானாக வரும். அச்சில் வந்த பழைய ஈழத்து நூல்களுக்கு "நூலகம்" என்ற பெயருடைய இணையத்தளத்தில் தேடுங்கள்.

காப்புரிமைச் சிக்கல் வருமா?

பெரோ 1703இலும், கிரிம் சகோதரர்கள் 1859, 1863இலும், அன்டர்சன் 1875இலும் இறந்தவர்கள். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஆசிரியரின் வாழ்நாளும் அதன்பின் 70 ஆண்டுகளும் பாதுகாப்பு. ஆகவே பழைய கதைகள் எல்லாருக்கும் பொது. ஆனால் நீங்கள் வாசித்த தமிழ் மொழிபெயர்ப்புக்கு உரிமை இருக்கக்கூடும், அதன் வசனங்களை எடுக்கவேண்டாம். திரைப்படங்கள் சேர்த்தவற்றையும் தவிர்க்கவும். ஸ்னோவைட் கதையின் ஏழு குள்ளருக்கு இன்று எல்லாருக்கும் தெரிந்த பெயர்கள் 1937இன் டிஸ்னி திரைப்படத்தில் வந்தவை, கிரிம் கதையில் அவர்களுக்குப் பெயரே இல்லை.

முடிவு எப்படி இருக்கவேண்டும்? சகோதரிகள் ஒன்றுசேரத்தான் வேண்டுமா?

கட்டிப்பிடித்து அழுவதில் முடிக்காதீர்கள். கைவேலையில் முடியுங்கள். பெட்டி முடிந்ததா, நீக்கல் விழுந்ததா, யார் கையில் இருக்கிறது? அந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் சகோதரிகள் சேர்ந்தார்களா என்பது தானாகத் தெரியும். முடியாத சட்டைக் கையை முடித்துக்கொடுத்து எல்லாவற்றையும் சரியாக்கிவிடும் ஆசை வரும். அப்படிச் செய்தால் சிறகு போய்விடும், சிறகு போனால் அந்தக் கதை ஏன் சொல்லப்பட்டது என்பதே போய்விடும்.

எழுதி முடித்தபின் என்ன செய்வது?

சத்தமாக வாசியுங்கள், முடிந்தால் உங்கள் அக்காவுக்கோ தங்கச்சிக்கோ. 2000 சொற்களை ஆறுதலாக வாசிக்கக் கால்மணி நேரம் தாண்டும். வாசிக்கும்போது நாக்கு தடக்கும் இடங்களைப் பென்சிலால் குறியுங்கள். பெரும்பாலும் அங்கே ஒரு வசனம் இரண்டாகப் பிரியவேண்டியிருக்கும். கைவேலை தெரிந்த ஒருவருக்கும் வாசித்துக் காட்டுங்கள். "ஓலையை அப்பிடி மடிச்சால் வெடிக்கும் பிள்ளை" என்று அவர் சொன்னால் அந்த வரியைத் திருத்துங்கள். திருத்தும்போது கதையும் மாறவேண்டி வந்தால், மாற்றுங்கள்.